ஒப்புவிக்கப்பட்ட பொருள்

நம் சங்கத்தின் ஆண்டுவிழா மேடையில் ஒவ்வோராண்டும், வாழ்க்கையில் வெற்றி கண்டவர்கள் என்று சிலரை அழைத்துச் சால்வை போர்த்துகிறோம். நல்ல வழக்கந்தான், அதனை நான் குறை கூறவில்லை. பெரும்பாலும் அவர்கள் உயர்ந்த பதவி வகிப்பவர்கள், அல்லது தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர்கள். அவர்கள் பட்ட பாட்டை அறிந்தவன் ஆதலால் நானும் மகிழ்ந்து கைதட்டுகிறேன். ஆயினும் வீடு திரும்பும் வழியில், வெற்றியை அளக்கும் படி எது என்னும் வினா என்னுடன் கூடவே வருகிறது.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, இவ்வினாவுக்கு விடையாகச் சிறுவயதிலேயே ஒரு சொல் கற்பிக்கப்பட்டது. உக்கிராணத்துவம் என்பது அச்சொல். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கன்றி மற்றவர்களுக்கு அது புதிதாகத் தோன்றலாம். உக்கிராணம் என்பது பண்டகசாலை. அதன் சாவியை வைத்திருப்பவன் உக்கிராணக்காரன். சாவி அவனிடம் இருக்கிறதே தவிர, உள்ளே இருக்கும் பண்டம் அவனுடையதன்று. என்றேனும் ஒருநாள் உடையவன் வந்து கணக்குக் கேட்பான்.

இக்கருத்தை விளக்கும் உவமை ஒன்றை இயேசுநாதர் சொன்னார். தலைவன் ஒருவன் வெளியூர் செல்லுமுன் தன் ஊழியர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்புவித்தான். தாலந்து என்பது அக்காலத்துப் பெரும் பண அளவு. ஆங்கிலத்தில் அதுவே பின்னாளில் திறமையைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஐந்து பெற்றவன் அதனைப் பத்தாக்கினான். இரண்டு பெற்றவன் நான்காக்கினான். ஒன்று பெற்றவன் அஞ்சி மண்ணில் புதைத்து வைத்தான். பிரசங்கம் செய்வோர் புதைத்தவனைப் பற்றியே மிகுதியாகப் பேசுவர். எனக்கு வியப்பளிப்பது வேறு. பத்துக் கொண்டுவந்தவனும் நான்கு கொண்டுவந்தவனும் பெற்ற பாராட்டு, சொல்லுக்குச் சொல் ஒன்றே. முயற்சியைத் திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்று தனி அதிகாரமாகவே வகுத்துப் போற்றினார். அம்முயற்சியை, ஒருவனிடம் ஒப்புவிக்கப்பட்டது எவ்வளவு என்பதோடு வைத்தே கிறிஸ்தவ நெறி எடைபோடுகிறது.

டில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்லும் நாம், வாரங்கலைத் தாண்டிக் கம்மம் வருமுன் தோர்ணக்கல் என்னும் சந்திப்பைக் கடக்கிறோம். விரைவு வண்டிகள் பல அங்கே நில்லாமலே சென்றுவிடும். அவ்வூரின் பெயரோடு ஒரு திருநெல்வேலித் தமிழரின் பெயர் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பிழைப்பை நாடிப் பிறமாநிலம் வந்த நமக்கு அவருடைய வரலாறு மிக அணுக்கமானது என்பது என் எண்ணம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து தாயின் கண்டிப்பில் வளர்ந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறவில்லை. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தைக் கொண்டே பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். அது அவர் உள்ளத்தில் தைத்தது. மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. பணமும் ஆட்களும் நிர்வாகமும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கோட்பாடு. வெள்ளையர் கொடுக்க நாம் வாங்குவது என்ற பழக்கம் ஊறிப்போயிருந்த காலத்தில் இது சிறிய துணிவன்று. அச்சங்கம் தெரிந்துகொண்ட களந்தான் நிஜாம் நாட்டின் தோர்ணக்கல் பகுதி.

பிறரை அனுப்பிவிட்டு அவர் ஊரில் இருந்துவிடவில்லை. 1909இல், தம் முப்பத்தைந்தாம் வயதில், செயலாளர் பதவியை விட்டுக் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கலுக்கே சென்றார். தெலுங்கு அவருக்குப் பிறமொழி. அந்த வயதில் அதனைக் கற்று, அம்மொழியிலேயே போதித்து, அம்மக்களோடு முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தி வராது என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நம் நண்பர்கள் சிலரை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன், பெயர் சொல்லமாட்டேன்.

1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசினார். உதவி செய்ய வருகிறீர்கள், சரிசமமாக உட்கார்ந்து உறவாட வருவதில்லை; எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற கருத்தை அந்தப் பேரவையில் அஞ்சாது எடுத்துரைத்தார். கேட்டோரில் பலர் முகம் சுளித்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். இந்தியர் ஒருவரின் கீழ் வெள்ளையர் பணிபுரிவதா என்ற முணுமுணுப்பு அப்போதும் அடங்கவில்லை. அவர் தெலுங்கு நாட்டுக் கிராமங்களுக்குத் திரும்பித் தம் வேலையைப் பார்த்தார்.

அவருடைய மக்கள் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான ஏழைக் கூலிகள். அவர்களிடத்தும் அவர் காணிக்கை கேட்டார். இதனை முதலில் படித்தபோது எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. இல்லாதவரிடம் கேட்பது என்ன நியாயம் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது, சோறாக்கும்போது பெண்கள் எடுத்துவைக்கும் ஒரு பிடி அரிசி, அறுவடையில் சிறிது தானியம், ஒரு கோழி. கொடுக்கப் பழகியவன் தன்னை இரவலனாக எண்ணுவதில்லை. பிறர் கையை எதிர்பார்த்தே நிற்கும்படி பழக்கப்படுத்தப்பட்ட மக்களுக்கு அந்த ஒரு பிடி அரிசி எதைத் திருப்பிக் கொடுத்திருக்கும் என்பதை நான் பின்னரே எண்ணிப் பார்த்தேன். கொடை பற்றி அவர் ஒரு நூலும் எழுதினார்.

மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. அந்த வழக்கை இங்கே விசாரிக்கப் போவதில்லை. தோர்ணக்கலில் அவர் எழுப்பி 1939இல் திறந்துவைத்த பேராலயம், கோவில் மண்டபத்தின் சாயலும் மசூதியின் சாயலும் கலந்த கட்டடம். திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய முயற்சியில் அவர் முன்னின்றார். அதன் பயனாகத் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் பிறந்தது. அவரோ 1945 சனவரி முதல் நாளிலேயே காலமாகிவிட்டார்.

ஐந்து தாலந்துக்காரரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். என் தந்தையார் இரண்டு தாலந்துக்காரர்.

பள்ளியிறுதிப் படிப்பும் தட்டச்சுப் பயிற்சியும் மட்டும் கொண்டு 1957இல் அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து டில்லிக்கு வந்தார். கரோல் பாகில் ஒரு பர்சாத்தி. மொட்டைமாடி ஒற்றை அறை. சித்திரையில் அடுப்பு, தையில் பனிக்கட்டி. மறு ஆண்டு அம்மாவும் நானும் கைக்குழந்தையான தம்பியும் வந்து சேர்ந்தோம். அங்கீட்டியில் கரி மூட்ட அம்மா கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. தந்தையார் இரவுதோறும் இந்திப் பாலபாடத்தில் ஒரு பக்கம் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நடந்து வரும்போது கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். சம்பளம் வந்தவுடன் பத்தில் ஒரு பங்கு தனி உறையில் போய்விடும். அம்மாவின் பங்குக்குப் பிடியரிசித் தகரடப்பா ஒன்று உண்டு. அது நிறைந்ததும், மாடிப்படி பெருக்க வந்த ஒரு கைம்பெண்ணின் முந்தானையில் கொட்டிவிடுவார்.

தந்தையார் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதி வந்தார். 1964இல் அதன் முதலாளி அவரைத் தனியே அழைத்து, அரசாங்கத்துக்குக் காட்ட இன்னொரு கணக்குப் புத்தகம் எழுதச் சொன்னார். சம்பளமும் உயரும் என்றார். அன்றிரவு தந்தையார் அதனை அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும் என்று மட்டும் அம்மா கேட்டார். மறுநாள் தந்தையார் வேலையை விட்டுவிட்டார்.

ஏழு மாதம் நிலையான வேலை கிடைக்கவில்லை. அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போய்ப் பின்னர் விலைக்கும் போயின. தந்தையார் காலையில் தட்டச்சுப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பேருந்துக் காசை மிச்சம் பிடிக்க நடந்தே போவார். எங்களைப் பட்டினியிலிருந்து காத்தவர் கீழே மளிகைக்கடை வைத்திருந்த பஞ்சாபி. பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர் அவர். இழந்த சொத்துக்கு நட்டஈடு கேட்டு அவர் அனுப்பிய மனுக்களையெல்லாம், அவர் இந்தியில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவர் என் தந்தையார். அந்த ஏழு மாதமும் கோதுமை மாவுக்கும் பருப்புக்கும் அவர் கணக்கு மட்டும் எழுதினார்; பணம் கேட்கவில்லை.

பின்னர் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் ஏறக்குறையப் பாதிதான். அதிலேயே இருந்து 1988இல் ஓய்வு பெற்றார். டில்லியில் சொந்த வீடு வாங்கவில்லை. தம்பிக்குப் பொறியியற் கல்லூரியில் சேர மதிப்பெண் இருந்தது. விடுதிச் செலவுக்கு வழியில்லை. அவன் பாலிடெக்னிக்கில் படித்துப் பதினெட்டு வயதில் வேலைக்குப் போனான்.

“அப்பாவின் நேர்மைக்கு விலை கொடுத்தது நான், அண்ணா” என்று தம்பி இன்றும் சொல்வதுண்டு. அவனை மறுத்துப் பேச எனக்கு நா எழுவதில்லை. நேர்மையாக இருந்தால் செல்வம் தானே வரும் என்று சில பிரசங்கிகள் முழங்குகிறார்கள். வேதாகமத்தில் நான் படித்தது அவ்வாறில்லை. கொரிந்து பட்டணத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார். அவரைத் தம் தொழிலில் சேர்த்துக்கொண்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடியேறிகள். ஊர்விட்டு ஊர் வந்த மூவர், தம் கையுழைப்பால் உண்டு, தம் நம்பிக்கையை விடாமல் வைத்திருந்தார்கள். அவர்கள் செல்வரானதாக எங்கும் எழுதப்படவில்லை. பவுலோ பின்னாளில் சிறையில் வாடினார்.

தம்பி இப்போது பரிதாபாதில் சிறிய பட்டறை ஒன்று நடத்துகிறான். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். சென்ற ஆண்டு வருமானவரிக் கணக்கு முடிக்கும் சமயத்தில் அவனுக்கு உதவியாகப் போயிருந்தேன். மேசைமேல் ஒரே ஒரு கணக்குப் புத்தகந்தான் இருந்தது. வந்திருந்த கணக்காளர், இன்னொரு விதமாகவும் எழுதலாமே என்று மெல்லச் சொன்னார். அதற்குத் தம்பி கொடுத்த மறுமொழியைச் சங்கப் பத்திரிகையில் அச்சிடவேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டிருக்கிறான், ஆகையால் எழுதவில்லை.