மீனம்பாக்கம் முதல் ஹீத்ரோ வரை

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

எங்கள் ஊர் மாடம்பாக்கம். விமானங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருக்கிறது. அந்தப் பயிற்சி விமானங்கள் வட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டேதான் நானும் தங்கையும் வளர்ந்தோம். ஆயினும் ஒரு விமானம் எவ்வளவு தூரம் போகும் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு ஜூன் மாதம் அம்மா செவிலியர் வேலைக்காக இலண்டனுக்குப் புறப்பட்ட பிறகுதான் எண்ணத் தொடங்கினோம்.

“எவ்வளவு தூரம் பாப்பா?” என்று கேட்டார் தாத்தா. அம்மாவைப் பெற்றவர் அவர்.

“சுமார் 8,200 கிலோமீட்டர், தாத்தா.”

அவருக்கு விளங்கவில்லை. ஒருமுறை கன்னியாகுமரிக்குப் பேருந்தில் போனதுதான் அவருடைய நீண்ட பயணம். அது ஏறத்தாழ 700 கிலோமீட்டர். “பன்னிரண்டு கன்னியாகுமரி” என்றோம். “அம்மாடி!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. ஆனால் அம்மாவுக்குப் பதினொரு மணி நேரம் பிடித்தது! புவியியல் ஆசிரியை விளக்கினார்கள்: விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். ஆகவே வருவதற்குப் பத்து மணி நேரம் போதும்.

தங்கைக்கு வேறு சந்தேகம். காலை ஐந்தரைக்குப் புறப்பட்ட அம்மா, அங்கே நண்பகல் பன்னிரண்டுக்கு இறங்கினார்கள். “ஆறரை மணி நேரந்தானே ஆச்சு?” என்றாள். இலண்டன் கடிகாரம் கோடையில் நான்கரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் நமக்குப் பின்தங்கி ஓடுகிறது என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் எங்களுக்குத் தலை சுற்றியது.

அட்லசில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டோம். அது அரபிக்கடலைக் கடந்து ஈராக் வழியாகப் போயிற்று. பள்ளியிலுள்ள உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தபோதோ, பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன் என்று வடக்கே வளைந்தது. உருண்டையில் அதுதான் மிகக் குறுகிய வழியாம். ஆனால் 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. நூல் போகும் வழியில் விமானம் போக முடியாமலாயிற்று.

இந்த ஆண்டு ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை இரவு தாத்தா இறந்துவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், “பத்து மணி நேரந்தான், அம்மா நாளை மாலைக்குள் வந்துவிடுவார்கள்” என்று நாங்களே சொன்னோம். நேர் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. விடுப்புக்கு ஒரு நாள் போயிற்று. கடைசியில் துபாயில் மாறி வரும் விமானத்தில்தான் சீட்டு கிடைத்தது. ஐஸ் பெட்டியைப் புதன்கிழமைக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

வியாழன் காலை மீனம்பாக்கத்தில் அப்பாவோடு நின்றோம். அம்மா வெளியே வந்ததும் எங்களை அணைத்துக்கொண்டு, “எத்தனை மணிக்கு எடுத்தாங்க?” என்று கேட்டார்கள்.

“நேத்து சாயந்திரம் நாலரைக்கும்மா” என்றாள் தங்கை.

அம்மா சற்று நேரம் கணக்குப் போட்டார்கள். “அங்கே பதினோரு மணி. விமான நிலையத்துல உட்கார்ந்திருந்தேன்” என்றார்கள்.

மாடம்பாக்கம் வந்து சேரும்வரை வேறொன்றும் பேசவில்லை.