மகளைத் தூது அனுப்பாதீர்



சென்னை கோபாலபுரத்தில், கதீட்ரல் சாலைக்கும் அவ்வை சண்முகம் சாலைக்கும் இடைப்பட்ட ஒரு சிறு தெருவில் என் தமக்கையார் வாழ்ந்து வருகின்றார். அவர் வீட்டு முகப்பில் கார் நிற்பதற்கென்று ஓர் இடம் உண்டு. சென்ற ஆண்டு நான் அங்குச் சென்றபோது அவ்விடம் வெறுமையாய்க் கிடந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டுமே இருந்தது.

"வண்டி எங்கே, அக்கா?" என்று கேட்டேன்.

"பத்து நாளைக்கு என்று மாப்பிள்ளை எடுத்துப் போனார், தம்பி. நான்கு மாதமாகிறது" என்றார். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது.

அந்த வண்டி, என் மைத்துனர் பணி ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கியது. அவர் சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் தமக்கையார், ஆக்டிங் டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் லஸ் பிரகாச மாதா கோவிலுக்கும், மாதம் ஒருமுறை கண் மருத்துவரிடமும் சென்று வந்தார். இப்பொழுது ஆட்டோவுக்காகத் தெருமுனையில் காத்து நிற்கின்றார்.

"மாப்பிள்ளையிடம் கேட்டீர்களா?" என்றேன். "அவரிடம் நான் எப்படிக் கேட்பது? வாரந்தோறும் அவளிடம்தான் சொல்கிறேன்" என்றார்.

இங்கே என் குற்றத்தை நான் மறைக்கலாகாது. "பொறுத்திருங்கள், அக்கா. வண்டி பெரிதா, பெண்ணின் வாழ்வு பெரிதா?" என்று ஆறுதல் கூறிவிட்டு, நிம்மதியாக என் பங்குக்குத் திரும்பிவிட்டேன். சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி ஒருவன் கேட்டபோது, தம்மை நடுவராக நியமித்தவர் யார் என்று ஆண்டவர் வினவியதாக லூக்கா எழுதுகின்றார். அந்நிகழ்ச்சியை எனக்கு ஒதுங்குமிடமாக ஆக்கிக்கொண்டேன். ஆனால் மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் அதே ஆண்டவர் வழியையும் காட்டியிருக்கின்றார். மனத்தாங்கல் உண்டானால், முதலில் அவரிடமே தனியே சென்று பேச வேண்டும். நம் குடும்பங்களில் நடப்பது என்ன? அண்டை அயலாரிடம் சொல்கிறோம், பங்குச் சாமியாரிடம் சொல்கிறோம். உரியவரிடம் மட்டும் சொல்வதில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை என் மருமகள், அதாவது தமக்கையாரின் மகள், தனியே பங்கு இல்லத்துக்கு வந்தாள். "மாமா, அம்மா கேட்பதை அவரிடம் சொன்னால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் சொல்வதை அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுகிறார். ஆகவே இரண்டையுமே சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்பொழுது அம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்தாலே எனக்குக் கை நடுங்குகிறது" என்றாள். பெண்ணின் வாழ்வு பெரிது என்று சொன்ன நானே, அவள் நசுங்கிக்கொண்டிருப்பதைக் காணத் தவறிவிட்டேன்.

தமக்கையாரின் சம்மதம் பெற்று, தாம்பரத்திலுள்ள அவர்கள் வீட்டுக்குச் சென்று மாப்பிள்ளையிடம் பேசினேன். அவர் சினம் கொள்ளவில்லை. "நிச்சயதார்த்தத்தன்று மாமனார் என் தோளில் கை வைத்து, 'எனக்குப் பிறகு இந்த வண்டி உங்களுக்குத்தான்' என்று சொன்னார். நான் டயர் மாற்றினேன், பழுது பார்த்தேன். திருப்பித் தரும்படி என்னிடம் யாரும் கேட்கவில்லையே!" என்றார். உண்மைதான். அன்று நானும் அருகில் இருந்தேன். அச்சொற்கள் என் காதிலும் விழுந்தன. ஆக, அவர் திருடரும் அல்லர். தமக்கையார் கருமியும் அல்லர். ஒருவர் இரவல் என்று நினைத்ததை மற்றவர் கொடை என்று நினைத்திருக்கிறார்.

பிறகு வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தோம். அவர் சொன்னது எங்கள் அனைவரையும் திகைக்க வைத்தது. கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். தமக்கையாருக்கு ஒரு மகளும் ஒரு மகனும். ஆகவே மூவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. முழுதும் தமது என்று எண்ணியிருந்த தமக்கையாருக்கு ஒரு பங்குதான். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கோ ஒன்றுமில்லை!

அதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று. பதிவுச் சான்றிதழ் இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருந்தது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 30 நாட்களுக்குள் இறப்பை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவித்து, 3 மாதங்களுக்குள் 31-ஆம் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அவ்வாறிருக்க, இறந்தவர் பெயரில் ஓடும் வண்டி ஒருவர்மீது மோதிவிட்டால், எத்துணைச் சிக்கல் வாரிசுகளின் தலையில் விழும்!

ஒரு ஞாயிறு மாலை கோபாலபுரத்து வீட்டில் அனைவரும் கூடி அமர்ந்தோம். தமக்கையார் முதல் முறையாக, "மாப்பிள்ளை, எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் கண் மருத்துவரிடம் போகும் நாளும் வண்டி வேண்டும்" என்று நேரே சொன்னார். "இதை அன்றே என்னிடம் சொல்லியிருக்கலாமே, அத்தை" என்றார் அவர். வாரிசுச் சான்றிதழ் பெற்று, மற்ற இருவரின் சம்மதத்தோடு வண்டியை மகள் பெயருக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. மகன் தன் பங்கை விட்டுக்கொடுத்தான்; தாயாரின் பங்குக்கு மாப்பிள்ளை மாதத் தவணை கொடுக்க ஒப்புக்கொண்டார். அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டோம். காப்பீடும் மகள் பெயருக்கு மாற்றப்பட்டது. தமக்கையாரின் மனக்காயம் முற்றிலும் ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் சனிக்கிழமை மாலைதோறும் வண்டி கோபாலபுரத்துக்கு வருகிறது. மறுநாள் மூவரும் சேர்ந்தே திருப்பலிக்குச் செல்கின்றனர்.

எல்லா வீடுகளிலும் இவ்வளவு எளிதில் முடியாது. நேரில் கேட்டும் தர மறுத்தால், இரு பக்கத்தாரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அதற்கும் இணங்காவிடில் எழுத்து மூலம் கேளுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடினால், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி கிடைக்கும். ஆனால், மகள் அடிக்கும் அச்சுறுத்தலுக்கும் ஆளாகும் வீடாயின், வண்டியைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அவளைக் காப்பாற்றுங்கள். 181 என்னும் பெண்கள் உதவி எண் எந்நேரமும் உண்டு.

பெற்றோரே, கொடுப்பதானால் கொடை என்று சொல்லிக் கொடுங்கள். இரவலானால் நாள் குறித்துக் கொடுங்கள். உங்கள் பெயரில் உள்ளவற்றுக்கு உயில் எழுதி வையுங்கள். மருமகனிடம் கேட்க வேண்டியதை மருமகனிடமே கேளுங்கள். உங்கள் மகள் இரண்டு வீடுகளையும் நேசிப்பவள். அவளை இரண்டு வீடுகளுக்கும் இடையே ஓட விடாதீர்கள் என்று உங்களை அன்புடன் வேண்டுகிறேன்.