கிழிச்சதும் ஒட்டினதும்

எங்க வீட்டுல எனக்கு 'குப்பை பொறுக்கி'ன்னு ஒரு பட்டப்பேரு உண்டு. வச்சது அம்மா. காரணம் இல்லாம வைக்கல. கல்யாணப் பத்திரிகை உறை, தீப்பெட்டி அட்டை, மாத்திரை தீர்ந்துபோன வெள்ளித்தாள், டெய்லர் கடையில வெட்டிப்போட்ட ஜாக்கெட் துண்டு... எதையும் தூக்கிப்போட மனசு வராது. சென்னையில நான் குடியிருக்கிற ரூம்ல கட்டிலுக்கு அடியில மூணு ஷூ டப்பா நிறைய இதுதான். பகல்ல கோடு எழுதறேன், ராத்திரி மைதா பசை காய்ச்சறேன். பொழப்பு இப்படிப் போகுது :-)

இதையெல்லாம் வெட்டி, ஒட்டி, மேல கொஞ்சம் பெயிண்ட் அடிச்சு, நூல் கோத்துத் தச்சு புத்தகமாக்கறதுதான் நம்ம பொழுதுபோக்கு. கடையில விக்கிற ஸ்கிராப் புக் இல்லைங்க. தாளை மடிக்கிறதுல இருந்து தையல் வரைக்கும் எல்லாமே கைவேலை.

கேட்க சுலபமா இருக்கும். முதல் புத்தகம் விசிறி மாதிரி வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு. காரணம் ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சது. பக்கத்துல ஒட்டற துணி, அட்டை எல்லாம் சேர்ந்து பக்கம் தடிமனாகுது, தச்ச முதுகுப் பக்கம் மட்டும் ஒல்லியாவே இருக்கு. அதனால இப்பல்லாம் ரெண்டு பக்கத்துக்கு நடுவுல ஒரு இஞ்ச் அகலத்துக்கு வெறும் தாள் பட்டையை மடிச்சு வச்சுச் சேர்த்துத் தச்சிடறேன். ஒட்டப்போற சரக்குக்கு முன்கூட்டியே இடம் விட்டு வைக்கிற மாதிரி.

தாளுக்கும் ஒரு போக்கு உண்டுங்கறது அடுத்த பாடம். நியூஸ்பேப்பரை மேலிருந்து கீழே கிழிச்சுப் பாருங்க, நேரா வரும். குறுக்கே கிழிச்சா கோணல்மாணலாப் போகும். தாள்ல இருக்கிற நார் ஒரே திசையில படுத்திருக்கறதுதான் காரணம். அந்த நார் முதுகுக்கு இணையா இருக்கற மாதிரி மடிச்சா பக்கம் சாதுவாப் புரளும். இல்லைன்னா ஈரப்பசை பட்டதும் அப்பளமா வளையும்.

மைதா பசையில இன்னொரு சிக்கல், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்துச் சாப்பாடு. பழைய பைண்டிங்காரங்க பசையில மயில்துத்தம் கலக்கறது அதுக்குத்தான். அது விஷம்ங்கறதால நான் கலக்கறதில்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான்னு நெனச்சிட்டிருந்தேன். தேடிப் படிச்சப்பதான் எனக்கு மேல ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுது. ஜெர்மனியில குர்ட் ஷ்விட்டர்ஸ்னு ஒருத்தர், முதல் உலகப் போர் முடிஞ்ச சமயம் தெருவுல கிடந்த டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம்னு எல்லாத்தையும் பொறுக்கி படமா ஒட்டினார். இங்கிலாந்துல மேரி டெலானி. கணவர் இறந்து நாலு வருஷம் கழிச்சு, 1772ல, 72 வயசுல, கலர் தாளைப் பொடிப்பொடியா வெட்டி கறுப்புத் தாள் மேல பூக்களை ஒட்ட ஆரம்பிச்சாங்க. கண்பார்வை மங்கி நிறுத்தறதுக்குள்ள ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு! இன்னைக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

டிக்கெட்னதும்தான் சொல்ல வந்தது ஞாபகம் வருது.

அப்பா பஸ் கண்டக்டர். மதுரை - தேனி ரூட்டு. 2021ல தவறிட்டார். பீரோ மேல இருந்த அவரோட தகரப் பெட்டியை போன வருஷம்தான் திறந்தோம். விசில், தோல்பையோட அறுந்த வார், ஒரு சின்ன டைரி, ரப்பர் பேண்டு போட்ட கொஞ்சம் டிக்கெட். நாங்க குடும்பமா அவர் பஸ்ல போனாலும், எங்களுக்கும் டிக்கெட் கிழிச்சு, சட்டைப் பையில இருந்து காசு எடுத்து தோல்பையில போடுவார். அந்த டிக்கெட்டுங்கதான் அது. இருபது வருஷம் ஆகியும் எழுத்து அப்படியே இருக்கு. நான் ஆறு மாசம் முன்னாடி மெஷின்ல வாங்கின டிக்கெட் இப்ப வெத்துத் தாள். அதுல இருக்கறது மை இல்லை, சூடு பட்டா கறுக்கற ரசாயனப் பூச்சு. நாளாக நாளாக வெளிறிடும். போயிடப்போகுதேன்னு ஒண்ணை லாமினேட் பண்ணினேன், அந்தச் சூட்டுல முழுசும் கறுப்பாயிடுச்சு!

அப்பாவுக்குன்னு ஒரு புத்தகம் பண்ணலாம்னு உட்கார்ந்தேன். டைரியைப் புரட்டினப்ப ஒரு பக்கத்துல, அவரோட ஹீரோ பேனா நீல மையில: "டூட்டி மாத்திக் கேட்கணும். பையன் ஸ்கூல் ஆண்டு விழா."

எனக்கு அப்ப ஏழு வயசு. பாரதியார் வேஷம். முண்டாசு கட்டி மேடையேறி ஒவ்வொரு வரிசையாத் தேடினேன். அப்பா வரல. அதுக்கப்புறம் அவர்கிட்ட அதைப் பத்தி நானும் பேசினதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனா எனக்குள்ள அது இருந்துக்கிட்டே இருந்துச்சு. காலேஜ் படிக்கும்போது ஒரு சண்டையில, "நீங்க எதுக்குத்தான் வந்தீங்க?"ன்னு கேட்டிருக்கேன்.

இந்தப் பக்கத்தைத்தான் புத்தகத்தோட நடுவுல வைக்கணும்னு முடிவு பண்ணினேன். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டலாம்னு தோணுச்சு. ஆனா ஒரிஜினல்தான் ஒரிஜினல்னு ஒரு வீம்பு. பின்னாடி மைதா பசையைத் தடவித் திருப்பி ஒட்டினேன். அரை நிமிஷம்கூட ஆகல. தாள் ஈரத்தைக் குடிச்சது, மை கிளம்புச்சு. 'டூட்டி' போச்சு, 'பையன்' போச்சு. துணியால ஒத்தி எடுக்கப்போய் மிச்சமும் இழுபட்டுச்சு. பேனா மை தண்ணியில கரையும்னு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். ஸ்கேன் எடுக்கல, போன்ல ஒரு போட்டோகூட எடுக்கல. ஆபீஸ்ல தினமும் பேக்கப் எடுக்கறவன் நான்.

அந்த வார லீவுக்கு மதுரைக்குப் புத்தகத்தோட போனேன். அம்மாகிட்ட மறைக்காம சொன்னேன். அம்மா அந்த நீலத் திட்டையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தாங்க.

"டூட்டி மாத்திக் கேட்டாராம்மா?"

"கேட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதுடா. எங்கிட்டச் சொல்லல."

"இதுல எழுதியிருந்தார். நான்தான் அழிச்சுட்டேன்."

"நீ படிச்சல்ல? அப்புறம் என்ன?"

அந்தப் பக்கத்தைப் பிரிச்சு எடுத்துடவான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க. எதிர்ப்பக்கத்துல வரிசையா ஒட்டியிருந்த டிக்கெட்டை விரலால தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. ரெண்டு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்க அப்பத்தாவுக்கு. இந்த அரை டிக்கெட் நீ. ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது வாந்தி எடுப்ப. அவருதான் உன்னைத் தூக்கி முன் சீட்டுல வைப்பாரு."

எனக்கு அது ஞாபகமே இல்லை.

உங்க வீட்லயும் யாரோ எழுதின தாள் ஏதாவது இருக்கும். ஒட்டறதுக்கு முன்னாடி முதல்ல போட்டோ எடுத்துடுங்க. ஓரத்துல ஒரு புள்ளி மேல ஈரப் பஞ்சை ஒத்திப் பாருங்க, பஞ்சுல கலர் வந்தா பசைப்பக்கமே கொண்டு போகாதீங்க. பக்கத்துல நாலு மூலைக்கும் தாள்ல முக்கோணம் மடிச்சு ஒட்டி, அதுக்குள்ள சொருகி வச்சாலே போதும். ஒரு சொட்டு பசை தாள் மேல படாது.

போன வாரம் அம்மா கூரியர்ல முறுக்கு அனுப்பியிருந்தாங்க. டப்பாவுக்கு அடியில ஒரு கவர். உள்ள ஜாக்கெட் வெட்டுத் துணி, நாலு தீப்பெட்டி அட்டை. மேல பால்பாயிண்ட் பேனாவுல எழுதியிருந்தது: "குப்பை பொறுக்கிக்கு."