பகுபதமும் பகு எண்ணும்

இலக்கணம் பயின்றோர்க்குப் பகுபதம், பகாப்பதம் என்னும் பாகுபாடு புதிதன்று. ‘நடந்தான்’ என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி எனப் பிரித்துக் காட்டலாம். ‘மண்’ என்பதைப் பிரித்தால் பொருள் போய்விடும். எண்களுக்கும் தமிழ்க் கணித நூல்கள் இதே வேரிலிருந்தே பெயர் எடுத்துள்ளன. 15 பகு எண், ஏனெனில் அது 3, 5 ஆகியவற்றின் பெருக்கம். 17 பகா எண். ஆனால் சொல்லைப் பிரித்துக் காட்டிய பிறகே பகுபதம் என்கிறோம். எண்ணுலகில் அந்தக் கட்டாயம் இல்லை என்று அறிந்ததுமுதல், ஞாயிறுதோறும் கூடி இலக்கியம் பேசும் எங்கள் சிறு வட்டம் அதையே பேசிக்கொண்டிருக்கிறது.

67 இரண்டுகளைத் தம்முள் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 147573952589676412927. இருபத்தோர் இலக்கங்கள். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் இதனைப் பகா எண் என்று பட்டியலிட்டார். 1876-இல் எதுவார் லூக்கா அது பகு எண்ணே என்று நிறுவினார். வியப்பு என்னவெனில், அவர் ஒரு காரணியைக்கூடக் காட்டவில்லை.

அது எவ்வாறு இயலும்? அவருடைய வழியைப் பிற்காலத்தில் லெமர் செம்மைப்படுத்தினார். அவ்வடிவில் அதைச் சிறிய எண்ணில் நாங்கள் செய்து பார்த்தோம். ஏழு இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்தால் 127. நான்கில் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே செல்ல வேண்டும்: 4, 14, 67, 42, 111, 0. ஐந்தாம் படியில் சுழியம் வந்தது. ஆகவே 127 பகா எண். பதினோர் இரண்டுகளுக்குரிய 2047-இல் ஒன்பதாம் படியில் 1736 எஞ்சுகிறது. ஆகவே அது பகு எண். 23, 89 என்னும் அதன் காரணிகள் இக்கணக்கில் எங்கும் தலைகாட்டுவதில்லை.

அந்தப் பெரிய எண்ணின் காரணிகள் வெளிப்பட மேலும் 27 ஆண்டுகள் ஆயின. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721, 761838257287 ஆகிய இரண்டையும் முன்வைத்தார். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவாயின என்றும் ஈ. டி. பெல் எழுதிய கதை புகழ்பெற்றது. அவ்வெண்ணின் எந்தக் காரணியை 134-ஆல் வகுத்தாலும் மீதி ஒன்றுதான். அந்த ஒழுங்கு முன்பே தெரிந்ததே. ஆயினும் 135, 269 என்று செல்லும் அவ்வரிசையில், சிறிய காரணி 14,45,580-ஆவது இடத்தில் இருந்தது!

எங்களுக்கு இது வெறுங்கணக்கு அன்று. நண்பர் ஒருவரின் நாவல் கையெழுத்துப்படி சில மாதங்களாக எங்களிடம் இருக்கிறது. அதில் எங்கோ ஒட்டாத ஒன்று உண்டு என்பதில் எங்கள் ஐவருக்கும் ஐயமில்லை. நண்பரோ ஒரே கேள்விதான் கேட்கிறார்: “எந்த இடத்தில்?” இலக்கிய விமரிசனம் பெரும்பாலும் லூக்காவின் நிலையிலேயே நின்றுவிடுகிறது என்று தோன்றுகிறது. ஆனால் லூக்காவிடம் நிரூபணம் இருந்தது; நம்மிடம் இருப்பது உணர்வு மட்டுமே. எனவே காரணியைக் காட்டும் கடன் நமக்கு அவரினும் கூடுதல்.

காட்ட இயலாமலே போகலாம் என்பதும் உண்மை. F20 என்னும் ஃபெர்மா எண் 3,15,653 இலக்கங்கள் கொண்டது. அது பகு எண் என்று 1980களிலேயே தெரிந்துவிட்டது. கணிப்பொறிகள் இத்தனை பெருகிய பின்னும் அதன் காரணி ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. தேடுவோர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நண்பரின் நாவலை முதல் அத்தியாயத்திலிருந்து மீண்டும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறோம், இம்முறை பென்சிலுடன். எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.