ஊதியவர் பெயர்

நாட்டார் மெட்டு யாருக்கும் தனிச்சொத்து அல்ல; ஆகவே அதை வாசித்தவருக்கும் உரிமை கிடையாது. இப்படி ஒரு தப்புக் கணக்கு இசைத்துறையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கையிலெடுத்து வாதாட எனக்கு வாய்ப்புத் தந்த வழக்கு ஓமந்தூரிலிருந்து வந்தது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

கட்சிக்காரர் தெருக்கூத்தில் முகவீணை வாசிப்பவர். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர்தான் இவருக்கும் ஊர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் மாதங்களில் விடிய விடிய வாசிப்பு. மற்ற நாட்களில் கூலி வேலை.

ஹெவி மெட்டல் வாசிக்கும் நான்கு இளைஞர்கள் தங்கள் முதல் சிங்கிளுக்காக அவரைத் தேடி வந்தார்கள். கூத்தில் கர்ணன் வருகைக்கு ஊதும் மெட்டு அவர்களுக்கு வேண்டியிருந்தது. முகவீணையின் சுருதியை மாற்ற முடியாது என்பதால் கிட்டார் தந்திகளை அவர் சுருதிக்கு இறக்கிக் கட்டினார்கள். காதில் ஹெட்போன் மாட்டி, தாள ஒலியைக் கேட்டுக்கொண்டு வாசிக்க அவருக்குப் பழக்கமில்லை. அவர் தன் போக்கில் ஊத, டிரம்ஸ் வாசிப்பவர் பின்னால் அவர் மூச்சுக்கு ஏற்பத் தாளத்தை அமைத்தார். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து அனுப்பினார்கள். காகிதம் எதிலும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

பாட்டு எல்லா ஸ்ட்ரீமிங் தளங்களிலும் வெளியானது. நால்வர் பெயரும் இருந்தது. ஒலிப்பதிவு செய்தவர், அட்டைப்படம் வரைந்தவர் பெயர்கூட இருந்தது. முகவீணைக்கு நேரே ‘பாரம்பரிய இசை’ என்று மட்டும் இருந்தது.

“காசு கெடக்குது சார். ஊதுனது யாருன்னு போடலையே,” என்றார் பெரியவர்.

நோட்டீஸ் அனுப்பினேன். எதிர்தரப்பு வக்கீல் இரண்டு பதில் வைத்தார். மெட்டு பொதுச்சொத்து, வாசித்ததற்குக் கூலி கொடுத்தாயிற்று.

முதல் பதிலில் பாதிதான் உண்மை. மெட்டு எல்லாருக்கும் பொது. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மெட்டை வேறாகவும் வாசிப்பை வேறாகவும் பார்க்கிறது. 1994 திருத்தம் நிகழ்த்துகலைஞர்களுக்குத் தனி உரிமை தந்தது. இன்று அதன் காலம் 50 ஆண்டு. நிகழ்த்துகலைஞர் யார் என்று சொல்லும் பிரிவில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் உண்டு. முகவீணைக்காரருக்கு அதில் இடமில்லை என்று எந்த நீதிமன்றம் சொல்லும்?

கூலி வாங்கியதும் உரிமையை விற்றதாகாது. பதிவு செய்ய அவர் சம்மதித்தார். உரிமையை எழுதித் தரவில்லை. எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால்தான் உரிமை கைமாறும். அப்படியே எழுதிக் கொடுத்திருந்தாலும், 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, வாசித்தவர் இவர்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையை அவரிடமே விட்டுவைத்திருக்கிறது. இன்னொரு வசதி 62ஆம் பிரிவு. எதிர்தரப்பு எந்த நகரத்தில் இருந்தாலும், வழக்குப் போடுபவர் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே போடலாம். ஓமந்தூர்க்காரர் விழுப்புரத்தைத் தாண்டவே வேண்டியதில்லை.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் தங்கள் வக்கீலோடு என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பதிவின் மூலக்கோப்பை லேப்டாப்பில் திறக்கச் சொன்னேன். கிட்டாரையும் டிரம்ஸையும் அடைத்துவிட்டு முகவீணைத் தடத்தை மட்டும் ஓடவிட்டார்கள். சீவாளியை நாக்கில் நனைக்கும் சத்தம். பிறகு பெரியவர் குரல்: “ஆரம்பிக்கலாமா தம்பி?” அதற்குப் பிறகுதான் வாசிப்பு. யார் ஊதியது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்ல. மெட்டல் இசையை உயிராக நேசிப்பவர்கள். பிரேசில் நாட்டு செபுல்துரா குழுவைப் பற்றிப் பேச்சு வந்தது. 1996இல் வெளியான ‘ரூட்ஸ்’ ஆல்பத்துக்காக அந்தக் குழு ஷவாந்தே பழங்குடி மக்களின் ஊருக்கே போய், அவர்களோடு உட்கார்ந்து பதிவு செய்தது. அதனால்தான் இன்றும் அந்த ஆல்பத்தைப் பேசும் ரசிகர்கள் ஷவாந்தே என்ற பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். இந்தக் கதையை என்னைவிட அந்தப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். “எங்க ஊர்த் தாத்தாவுக்கு நாங்க அதச் செய்யல சார்,” என்றார் பாடுகிற பையன்.

அதன் பிறகு வழக்காடப் பெரிதாக ஒன்றுமில்லை. பங்கேற்ற கலைஞர் என்ற இடத்தில் முகவீணையோடு அவர் முழுப்பெயர், பாட்டின் வருமானத்தில் பங்கு, இனிமேல் அந்த வாசிப்பை வேறு பாட்டில் வெட்டி ஒட்டுவதானால் எழுத்துமூலச் சம்மதம் என்று முடிவானது. ஒலிப்பதிவுக்கு உரிய 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை மாற்றாமலே விவரங்களைத் திருத்த முடியும். அதனால் பாட்டு அதுவரை சேர்த்த கேட்பு எண்ணிக்கையும் போகவில்லை. விநியோக நிறுவனத்துக்குத் திருத்தம் அனுப்பி, தளங்களில் பெயர் ஏறியதைப் பார்த்த பிறகே கோப்பை மூடினேன்.

ஓர் ஒலிப்பதிவுக்கு முன் ஒரு பக்கக் காகிதம் போதும். யார், எந்தக் கருவி, எந்தப் பாட்டு, என்ன பங்கு, பெயர் எப்படி வரவேண்டும் என்ற ஐந்தும் வாசிப்பவருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். கூத்து மேளங்களைத் தேடி மைக்கும் கேமராவும் வரும் காலம் இது. நம் மாவட்டத்து இளம் வழக்கறிஞர்கள் அந்தக் காகிதத்தைக் கலைஞர்களுக்குக் காசு வாங்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டம் தன் வேலையை 2012லேயே முடித்துவிட்டது. அதை ஊருக்குள் கொண்டுபோவது நம் பொறுப்பு.