வர்தாரில் இறங்கி ஆக்ஸியோஸில் கரையேறி

வட மாசிடோனியாவின் மேற்கே, கோஸ்திவார் நகரை அடுத்த வ்ருத்தோக் கிராமத்தில், மலையடிவாரத்து ஊற்றாகப் பிறக்கிறது வர்தார் ஆறு. அங்கிருந்து 388 கிலோமீட்டர் ஓடி, கிரேக்கத்தின் தெர்மாயிக் வளைகுடாவில் கலக்கிறது. எல்லை தாண்டியதும் பெயர் மாறிவிடும். கிரேக்கர்களுக்கு அது ஆக்ஸியோஸ். அத்தனை பெரிய ஆறும் அல்ல. ஆனால் அதன் கரைகளில் நடக்கும் பாட்டன்-முப்பாட்டன் வழக்குகளை விசாரிக்க ஒரு தனி நீதிமன்றமே போதாது.

முதல் வழக்கு ஊற்றுக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. கோஸ்திவாரிலும் அடுத்துவரும் தெத்தோவாவிலும் அல்பேனியர்களே அதிகம். 2001இல் இந்தப் பகுதியில் அரசுப் படைகளுக்கும் அல்பேனியக் கிளர்ச்சியாளர்களுக்கும் சண்டை மூண்டது. அந்த ஆகஸ்டில் ஓக்ரிட் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஓய்ந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்தாலும் புத்தகங்கள் ஓயவில்லை. 2009இல் நாட்டின் அறிவியல் கலைக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம், அல்பேனியர்களைப் பிற்காலத்தில் வந்து குடியேறியவர்களாகக் காட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும், அச்சிட்ட புத்தகம் திரும்பப் பெறப்பட்டது.

ஆறு தலைநகர் ஸ்கோப்யேயை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. 1963 ஜூலை 26 அதிகாலை நிலநடுக்கம் இந்நகரைத் தரைமட்டமாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இடிபாடுகளின் மேல் புதிய நகர மையத்துக்குத் திட்டம் வரைந்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்ஸோ டாங்கே. அந்த நவீன கான்கிரீட் நகரம் 2010இல் ஆட்சியிலிருந்தவர்களுக்குப் போதவில்லை. ‘ஸ்கோப்யே 2014’ என்ற திட்டத்தில் பழைய சுவர்களுக்கு வெள்ளைத் தூண்களை ஒட்டவைத்தார்கள். ஆற்றங்கரை முழுக்கச் சிலைகளை நட்டார்கள்.

நடுச் சதுக்கத்தில், சுமார் பத்து மீட்டர் உயரத் தூணின்மேல், இத்தாலியின் ஃபுளோரன்ஸில் வார்த்த வெண்கலக் குதிரை முன்னங்கால் தூக்கி நிற்கிறது. மேலே வாளோங்கிய வீரன். அடியில் நீரூற்று, சுற்றிலும் சிங்கங்கள். 2011இல் நிறுவிய இந்தச் சிலையின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘குதிரைமேல் வீரன்’, அவ்வளவுதான். அலெக்சாண்டர் என்று எழுதினால் கிரேக்கம் சண்டைக்கு வரும். எழுதாமலும் வந்தது.

கிரேக்கத்தின் கோபத்துக்கு நீண்ட கணக்கு உண்டு. 1992இல், மாசிடோனியா என்ற பெயரோடு பிறந்த புதிய குடியரசு, கிரேக்கத்தின் வெர்கினா கல்லறையில் கிடைத்த பதினாறு கதிர்ச் சூரியனைக் கொடியில் பொறித்தது. 1994இல் கிரேக்கம் வர்த்தகத் தடை விதித்தது. மறுவருடம் கொடி மாறியது, தடை நீங்கியது. ஸ்கோப்யே விமான நிலையத்துக்கு 2006இல் அலெக்சாண்டர் பெயரைச் சூட்டினார்கள். 2008இல் புக்காரெஸ்ட் மாநாட்டில் நேட்டோ வாசலை கிரேக்கம் அடைத்தது. கடைசியில் 2018 ஜூன் 17 அன்று, பிரெஸ்பா ஏரிக்கரையில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, ‘வட’ என்ற ஒரு முன்னொட்டு நாட்டின் பெயரோடு சேர்ந்தது. விமான நிலையப் பெயர் அதற்கு முன்பே போயிருந்தது. தெற்கே போகும் நெடுஞ்சாலையும் ‘நட்பு’ நெடுஞ்சாலை ஆகியிருந்தது. கசப்போடுதான் என்றாலும், அலெக்சாண்டரை விட்டுக்கொடுக்க முடிந்தது. அவர் இறந்து இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தாயிற்றே.

விட்டுக்கொடுக்க முடியாதவர் வேறொருவர். சதுக்கத்திலிருந்து கல்பாலம் தாண்டினால் பழைய கடைத்தெரு. அதன் மேட்டில் ஸ்வேதி ஸ்பாஸ் தேவாலயம். அதன் முற்றத்துப் பளிங்குப் பேழையில் கிடக்கிறார் கோத்ஸே தெல்செவ். பள்ளி ஆசிரியராயிருந்து ஓட்டோமான் ஆட்சியை எதிர்த்துப் போராடி 1903இல் சுட்டுக்கொல்லப்பட்டவர். அவரது எலும்புகள் 1923இல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்குப் போயின. 1946இல், பல்கேரியாவும் யுகோஸ்லாவியாவும் தோழமையோடிருந்த கொஞ்ச காலத்தில், ஸ்கோப்யேக்கு வந்தன. தன்னைப் பல்கேரியர் என்றே எழுதிக்கொண்டவர் என்கிறது சோஃபியா. தன்னாட்சி மாசிடோனியாவுக்காக உயிர்விட்டவர் என்கிறது ஸ்கோப்யே. இரண்டும் பொய்யில்லை என்பதுதான் தொல்லை. இவ்விரு நாடுகளின் 2017 நட்பு ஒப்பந்தப்படி அமைந்த கூட்டு வரலாற்றுக் குழு இவரிடம் வந்துதான் முட்டி நின்றது. 2020 நவம்பரில், வரலாற்றையும் மொழியையும் காரணம் காட்டி, வட மாசிடோனியாவின் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தையை பல்கேரியா தடுத்தது. 2023 பிப்ரவரியில் தெல்செவ் பிறந்தநாளுக்கு அஞ்சலி செலுத்தக் கிளம்பிய பல்கேரியர்கள் எல்லையில் மணிக்கணக்கில் நின்றார்கள்.

இரு நாடுகளும் தம்மவர் என்று உரிமை கோரும் இடைக்காலப் பேரரசன் சாமுயிலும் அப்படித்தான். ஸ்கோப்யே சதுக்கத்தில் 2011இல் அவருக்குச் சிலை வந்தது. சோஃபியா 2015இல் பதில் சிலை வைத்தது. கண்களில் மின்விளக்கும் பொருத்தியது. இரவில் அந்தக் கண்கள் ஒளிர்ந்ததைப் பார்த்து சோஃபியாக்காரர்களே சிரித்தார்கள்.

ஸ்கோப்யேக்குக் கீழே வேலஸ். 1946 முதல் 1996 வரை இதன் பெயர் ‘தீத்தோவ் வேலஸ்’. யுகோஸ்லாவியா போனபின் அதன் தலைவராயிருந்த தீத்தோவும் பெயரிலிருந்து போனார். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது இவ்வூர் இளைஞர்கள் பொய்ச்செய்தித் தளங்கள் நடத்திப் பணம் பார்த்தது உலகறிந்த கதை. இவ்வளவு வரலாற்றுச் சண்டை நடக்கும் நாட்டில், கற்பனைக்குக் காசு கிடைத்தது டிரம்ப் பற்றி எழுதியபோதுதான்.

இன்னும் கீழே ஸ்தோபி. ரோமானியர் காலத்து நகரம். யூத ஜெபக்கூடமும் கிறித்தவத் திருமுழுக்கு மண்டபமும் இங்கே இருந்தன. அந்த மண்டபத் தரையின் மயில்தான் பத்து தெனார் நோட்டில் இருக்கிறது. மயிலுக்கு இதுவரை எந்த நாடும் உரிமை கோரவில்லை.

தெமிர் கபியா மலையிடுக்கைத் தாண்டி, கிரேக்கர்கள் சூதாட வரும் கெவ்கெலியாவைத் தொட்டு, ஆறு எல்லை கடக்கிறது. எதிரே இதோமெனி. 2016 வசந்தத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் எல்லைக் கதவு திறக்காமல் கூடாரங்களில் கிடந்தது இங்கேதான்.

கிழக்கே கொஞ்ச தூரத்தில் கில்கிஸ். தெல்செவ் பிறந்த ஊர் இது. அப்போது அதற்குப் பெயர் குகூஷ். 1913 போரில் எரிந்து, கிரேக்கத்தின் கைக்கு வந்தது. ஆக, ஸ்கோப்யேயும் சோஃபியாவும் அடித்துக்கொள்ளும் நாயகனின் சொந்த ஊர் இரண்டு நாட்டிலும் இல்லை. இந்தப் பக்கத்து ஸ்லாவிய ஊர்ப்பெயர்களை 1920களில் கிரேக்க அரசே மாற்றியது. பின்னர் சர்வாதிகாரி மெத்தாக்ஸாஸின் ஆட்சியில் ஸ்லாவிய மொழியைப் பேசியதற்கே தண்டனை இருந்தது. ஏதென்ஸ் பேச விரும்பாத அத்தியாயம் இது. அலெக்சாண்டரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசும்.

அலெக்சாண்டர் பிறந்த பெல்லா, ஆற்றின் மேற்கே இருக்கிறது. அன்று கடலோடு தொடர்புள்ள துறைமுகம். ஆக்ஸியோஸும் அக்கம்பக்கத்து ஆறுகளும் கொட்டிய வண்டல் வளைகுடாவைத் தூர்த்துவிட்டதால், இன்று கடல் வெகுதூரத்தில். 1930களில் ஆற்றின் போக்கையே மாற்றினார்கள், தெஸ்ஸலோனிக்கித் துறைமுகம் மணலில் மூடிவிடாதிருக்க. சதுப்பை வடித்தெடுத்த நிலத்தில் இப்போது நெல் விளைகிறது. கடைமுகத்தில் சிப்பி வளர்க்கிறார்கள். இந்தச் சமவெளியில் நிலம் பெற்றவர்களில் பெரும்பகுதியினர், 1923 மக்கள் பரிமாற்றத்தில் துருக்கியிலிருந்து வந்த அகதிகள். அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கு மாசிடோனியர் என்பது தாங்கள் பிறந்த மண்ணின் பெயர். வடக்கே இருப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.