கடிகாரம் பார்த்துச் சாப்பிட வேண்டிய நகரம்

வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் பரிமாறிய பந்தி கொல்கத்தாவுடையது. அந்தப் பந்தியில் சில இலைகள் இப்போது காலியாகி வருகின்றன. சாப்பிடுவதற்காகவே ஒரு வார இறுதியை அங்கே கழிக்க நினைப்பவர்களுக்கு ஒரு திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி. மத்திய கொல்கத்தாவில் பொத்தார் கோர்ட் என்ற அலுவலகக் கட்டடத்தை ஒட்டிய தெருவில் அலுமினியப் பாத்திரங்களிலிருந்து ஆவி கிளம்புகிறது. நடைபாதை மேஜைகளில் பன்றி இறைச்சி அடைத்து ஆவியில் வேகவைத்த பன், மீன் உருண்டை மிதக்கும் சூப், மோமோ, சீன சாசேஜ். பக்கத்திலேயே வழக்கமான காய்கறிக் கடைகளும் மீன் கடைகளும் கூவிக்கொண்டிருக்கின்றன. 8.30 மணி வாக்கில் போனால் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைத்தான் பார்க்க முடியும்.

இதுதான் டிரெட்டி பஜார், கொல்கத்தாவின் பழைய சைனாடவுன். 18ஆம் நூற்றாண்டில் இங்கே சந்தை வைத்திருந்த டிரெட்டா என்ற இத்தாலியரின் பெயர் திரிந்து நிற்கிறது. நகரத்தின் மற்ற தின்பண்டங்களுக்கு மதியமோ மாலையோ நேரம் உண்டு. இதற்கு மட்டும் இந்த இரண்டரை மணி நேரம்தான், அதிலும் ஞாயிறுதான் களை கட்டும். எனவே வார இறுதித் திட்டத்தை இங்கிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். வெள்ளி இரவே வந்து சேருங்கள். எஸ்பிளனேடு, நியூ மார்க்கெட், சென்ட்ரல் அவென்யூ சுற்றுவட்டாரத்தில் தங்குங்கள். சனிக்கிழமை வங்காளச் சாப்பாட்டுக்கு. ஞாயிறு சீனர்களுக்கும் லக்னோ நவாபுக்கும்.

சனிக்கிழமை காலை காலேஜ் தெருவில் தொடங்குகிறது. காரணம் எளிது. ஞாயிறன்று இங்குள்ள புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தெருவே பொலிவிழந்துவிடும். பக்கத்துச் சூர்யா சென் தெருவில் புட்டிராம் கடையின் கொச்சூரி காலைப் பலகாரம். உள்ளே பருப்பு வைத்துப் பொரித்த பூரி என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ளக் கொடுப்பதில் லேசாகத் தித்திப்பு இருக்கும். சாம்பாரில் வெல்லம் சேர்ப்பவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பிறகு இந்தியன் காபி ஹவுஸ். ஆல்பர்ட் ஹால் என்ற பழைய கட்டடத்தில் 1942இல் காபி போர்டு தொடங்கியது. 1958இல் நடத்த முடியாது என்று போர்டு கைவிட்டபோது தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சத்யஜித் ராய் முதல் அமர்த்தியா சென் வரை அமர்ந்து பேசிய இடம். கும்பகோணம் டிகிரி காபியை எதிர்பார்த்துப் போகிறவர்களை இது ஏமாற்றும். இங்கே விசேஷம் காபி அல்ல. ஒரு கோப்பையோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்பதுதான்.

மதியம் 1 மணிக்கு முன்னதாகவே 'பைஸ் ஹோட்டல்' ஒன்றில் இடம்பிடிப்பது நல்லது. காசுக்கணக்கில் சாப்பாடு போட்ட காலத்தில், கிராமங்களிலிருந்து படிக்கவும் வேலைக்கும் வந்து மெஸ்களில் தங்கிய இளைஞர்களுக்காகத் தோன்றியவை இந்த ஹோட்டல்கள். காலேஜ் தெருவை ஒட்டிய பவானி தத்தா சந்தில் 'சுவாதீன் பாரத் இந்து ஹோட்டல்' அந்தப் பரம்பரையின் நல்ல உதாரணம். முதலில் வெறும் இந்து ஹோட்டலாக இருந்தது சுதந்திரத்துக்குப் பிறகு பெயரில் பாரதத்தைச் சேர்த்துக்கொண்டது. பளிங்கு மேஜை, வாழையிலை, கரும்பலகையில் அன்றைய ஐட்டங்கள். இந்த ஹோட்டல்களில் 'மீல்ஸ்' என்ற ஏற்பாடு கிடையாது. சோறு தனி, பருப்பு தனி, கறி தனி. இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக் கணக்கு உண்டு. பரிமாறுகிறவர் மனக்கணக்காகவே எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லிவிடுவார்.

வங்காளச் சாப்பாட்டில் வரிசை முக்கியம். முதலில் கசப்பு: பாகற்காய் சேர்த்த சுக்தோ. அடுத்து பருப்பும் பொரியலும். பிறகு மீன். கடைசியாகத் தித்திப்புச் சட்னி, அப்பளம், இனிப்பு. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இலையில் வாங்கிக்கொண்டு சாம்பாரில் தொடங்கும் பழக்கத்தைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். சைவர்கள் கொல்கத்தாவில் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும் என்பது கட்டுக்கதை. விதவைகள் மீனைத் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்த கொடுமையான வழக்கத்திலிருந்து, அந்தப் பெண்களின் கைப்பக்குவத்தில் வளர்ந்த ஒரு சைவச் சமையலே இங்கு இருக்கிறது. வாழைப்பூவில் மோச்சார் கொண்டோ, கடலைப்பருப்பை அரைத்து வடை தட்டிக் குழம்பில் போட்ட தோக்கார் டால்னா, கசகசா அரைத்த உருளைக்கிழங்கு. வாழைப்பூவை ஆய்ந்து பழகிய தமிழ்க் கைகளுக்கு முதலாவதன் உழைப்பு உடனே புரியும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே அரசியலும் சேர்ந்தே வருகிறது. பூர்வீக மேற்கு வங்கத்துக்காரர்கள் 'கோட்டி'. 1947க்கு முன்னும் பின்னும் கிழக்கிலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. முன்னவருக்கு இறால், பின்னவருக்கு இலிஷ். முன்னவர் சமையலில் சர்க்கரை, பின்னவர் சமையலில் காரம். மோகன் பகான் அணி வென்றால் இறாலும் ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷும் சமைப்பது கால்பந்து ரசிகர்களின் பழைய வழக்கம். கடுகு அரைத்துச் செய்த இலிஷில் முள் அதிகம். பேசிக்கொண்டே சாப்பிடக் கூடாது.

வெயில் தாழ, காலேஜ் ஸ்கொயர் ஓரம் 'பாரமவுண்ட்' கடையில் இளநீர் சர்பத். 1918இல் தொடங்கிய கடை. வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் சொல்லிக் கொடுத்த செய்முறை என்பது கடையின் பெருமை. அங்கிருந்து சற்று வடக்கே, ராம்துலால் சர்க்கார் தெருவில், 1844 முதல் சந்தேஷ் செய்யும் கிரீஷ் சந்திர தே - நகுர் சந்திர நந்தி. கம்பிக் கதவு போட்ட சின்னக் கடை. உட்கார நாற்காலி இல்லை.

வங்காள இனிப்புக்கு அடிப்படை சானா, அதாவது பாலைத் திரித்து வடிகட்டிய திரட்டு. பாக்பஜாரில் 1868 வாக்கில் நபின் சந்திர தாஸ் இதை உருட்டிப் பாகில் வேகவைத்ததில் பிறந்தது பஞ்சு ரசகுல்லா. அது யாருடையது என்று ஒடிசாவோடு எழுந்த சண்டை பிரபலம். 2017இல் வங்கத்துக்கும் 2019இல் ஒடிசாவுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கிடைத்து முடிந்தது. 1965இல் பால் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, முதல்வர் பிரபுல்ல சந்திர சென்னின் அரசு சானா இனிப்புகளுக்கே தடை போட்டது. 1967 தேர்தலில் அவர் தோற்றதற்கு அரிசிப் பஞ்சம் உட்பட எத்தனையோ காரணங்கள். ஆனால் சந்தேஷ் பறிபோன கோபத்தையும் வங்காளிகள் அந்தக் கணக்கில் சேர்த்தே சொல்வார்கள்.

போவது டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் என்றால் கேட்க வேண்டிய சொல் 'நோலென் குர்'. ஈச்ச மரத்தின் பதநீரைக் காய்ச்சிய புது வெல்லம். நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. குளிர் குறைந்தால் பதநீர் கெட்டுவிடும். அதனால் வருடத்தில் சில வாரங்கள்தான் சரியான ருசி.

மாலை நியூ மார்க்கெட். 1874இல் திறந்த இந்தச் சந்தைக்குள் நஹூம்ஸ் பேக்கரி இருக்கிறது. பாக்தாத் வழி வந்த யூதக் குடும்பம் 1902இல் தொடங்கியது. தேக்கு அலமாரிகள், கண்ணாடிக்குள் ப்ளம் கேக், சீஸ் சம்பூசா. கிறிஸ்துமஸுக்கு முன் இங்கே வரிசை சந்தைக்கு வெளியே நீளும். வரிசையில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் உண்டு. யூதர்களைத்தான் காண முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பல ஆயிரம் பேர் இருந்த சமூகம், 1947க்குப் பிறகு இஸ்ரேல், பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று கலைந்து இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவர்களின் ஜெபாலயங்களைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம் ஊழியர்கள்.

இரவுக்கு இரண்டு வழி. சந்தைக்குப் பின்புறம் 1932இல் தொடங்கிய நிஜாம்ஸில் கத்தி ரோல். 'கத்தி' என்றால் இங்கே குச்சி. மூங்கில் குச்சியில் சுட்ட கபாபைப் பரோட்டாவில் சுருட்டித் தருவதால் அந்தப் பெயர். அல்லது பார்க் தெரு: 1927இன் ஃப்ளூரிஸ், 1950களின் மொகாம்போ, பாட்டுக்குப் பெயர்போன ட்ரிங்காஸ். சென்னை மேடையில் பாடிவந்த உஷா உதுப் 1969இல் இங்கேதான் புடவையும் பொட்டுமாகக் கிளப் பாட்டுப் பாடி நகரத்தை அசத்தினார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் விடியலில் எழ வேண்டும்.

ஞாயிறு, மீண்டும் அந்தத் தெரு. 1780 வாக்கில் அச்சியூ என்ற சீனர், கொல்கத்தாவுக்குத் தெற்கே வாரன் ஹேஸ்டிங்ஸ் கொடுத்த நிலத்தில் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். தொடர்ந்து தச்சர்கள், செருப்பு தைப்பவர்கள், பல் மருத்துவர்கள் வந்தார்கள். ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் என்று சொல்லப்பட்ட சமூகம் இது. 1962 போர் எல்லாவற்றையும் மாற்றியது. நாடெங்கும் சுமார் 3,000 சீன வம்சாவளியினர் பிடிக்கப்பட்டு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். சிலர் அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். வெளியே வந்தவர்களும், வெளியில் பயந்து வாழ்ந்தவர்களும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பினார்கள். டொரோண்டோவில் 'ஹக்கா சைனீஸ்' என்ற பெயரில் இன்று விற்பது கொல்கத்தாவின் சில்லி சிக்கன்தான்.

இங்கே எஞ்சியவர்கள் சில ஆயிரம் பேர். மேஜைகள் வருடா வருடம் குறைகின்றன. சில மேஜைகளுக்குப் பின்னால் இப்போது சீனர் அல்லாதவர்கள் நின்று மோமோ விற்கிறார்கள். ஊர் சுற்ற வருபவர்களின் காமிராக்கள் சில நாள் பாத்திரங்களைவிட அதிகம். எனவே ஒரு வேண்டுகோள். படம் எடுப்பதற்கு முன் வாங்குங்கள், நின்று சாப்பிடுங்கள். விடியலுக்கு முன் எழுந்து மாவு பிசையும் ஒரு மூதாட்டிக்கு அடுத்த ஞாயிறும் கடை போட அதைவிட நல்ல காரணம் தேவையில்லை. கிழக்கே டாங்ராவில் இருக்கும் இரண்டாவது சைனாடவுனின் கதை வேறு. அது ஹக்கா சீனர்களின் தோல் பதனிடும் பேட்டையாக இருந்தது. ஆலைகளை நகரத்துக்கு வெளியே மாற்றுமாறு 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு உணவகங்களே அங்கு முதன்மைத் தொழிலாகின. ஞாயிறு இரவும் தங்குகிறவர்கள் அங்கே போகலாம்.

ஊர் திரும்புகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு பிரியாணி. டிரெட்டி பஜாரிலிருந்து நடக்கும் தூரத்தில் நாகோதா மசூதி, அதன் அருகே சித்பூர் சாலையில் 1905இன் ராயல் இந்தியன் ஹோட்டல். 1856இல் ஆங்கிலேயர்கள் அவத் நாட்டைப் பறித்தபோது நவாப் வாஜித் அலி ஷா சமையல்காரர்கள் புடைசூழ கொல்கத்தாவின் மட்டியாபுருஜுக்கு வந்தார். 1887இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். கையில் பணமில்லாமல் இறைச்சிக்குப் பதில் உருளைக்கிழங்கு போட்டார் என்பது எல்லா சர்வர்களும் சொல்லும் கதை. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் பென்ஷன் வாங்கி, சொந்தமாக மிருகக்காட்சி சாலையே வைத்திருந்தவருக்கு இறைச்சிக்குக் காசில்லை என்பதை நம்புவது கடினம். அன்று புதுமையாக இருந்த உருளை, நெய்யையும் இறைச்சிச் சாற்றையும் உறிஞ்சி ருசித்ததால் நிலைத்தது என்ற அவரது வாரிசுகளின் விளக்கம் பொருத்தமாக இருக்கிறது. இன்று உருளை இல்லாத பிரியாணியை கொல்கத்தாவாசி திருப்பி அனுப்பிவிடுவார். வேடிக்கை, ராயலின் பழைய பாணி பிரியாணியில் உருளை கிடையாது. உருளை வேண்டுவோருக்கு நகரம் முழுக்க அமினியா, அர்சலான், ஷிராஸ் என்று கடைகள்.

டெல்லியிலிருந்து ராஜதானியில் ஓர் இரவு, சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டரை மணி. நகரத்துக்குள் மெட்ரோ போதும். 2024 முதல் அது ஹூக்ளிக்கு அடியிலும் ஓடி ஹௌராவைத் தொடுகிறது. துர்கா பூஜை நாட்களைத் தவிருங்கள். பந்தல் பார்க்க வந்த கூட்டத்தில் சாப்பாட்டு மேஜை கிடைக்காது. கிளம்பும் முன் வீட்டுக்கு இனிப்பு வாங்குவதானால் 'நரம் பாக்' சந்தேஷ் வேண்டாம். அது மிருதுவானது, அன்றே சாப்பிட வேண்டியது. 'கடா பாக்' என்று கேளுங்கள். இறுகக் கிண்டிய அந்த வகை இரண்டு மூன்று நாள் தாங்கும், ஊர்வரை பத்திரமாக வந்து சேரும்.